குடிநீருக்கு மணம் ஏற்றுவது: வேர், விதை, பட்டை, இலை

ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீர் சப்பென்று இருப்பதாகவும், எட்டு வயது மகன் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் தண்ணீரில் பாதியைத் திருப்பிக் கொண்டுவருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாமியாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. ஐந்து மாதக் கைக்குழந்தையும் வீட்டில் இருக்கிறது. சர்க்கரையோ கடை எசன்ஸோ சேர்க்காமல், வேர், விதை, இலை ஆகியவற்றைக் கொண்டே குடிநீரை மணக்கச் செய்ய முடியுமா, எதை எவ்வளவு எப்படிச் சேர்ப்பது, அப்படிச் சேர்த்தால் தண்ணீர் சுத்தமாகவும் ஆகிவிடுமா என்பவை உங்கள் கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதைப் பொறுத்தவை. மணப்பொருள் எதையும் நம்பி, சுத்தம் இல்லாத தண்ணீரைக் குடிக்கக் கூடாது. வெட்டிவேர் போட்டால் கிருமி சாகும், துளசி போட்டால் எந்தத் தண்ணீரையும் குடிக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். ஒரு குடத்துக்கு நாம் போடும் ஒரு கைப்பிடி வேரிடமும் பத்து இலையிடமும் அந்தப் பொறுப்பை ஒப்படைக்க முடியாது. சீரகத் தண்ணீர் குடித்தால் வயிற்றுக்குக் கெடுதல் வராது என்கிற அனுபவம் உண்மைதான். அது கொதித்த தண்ணீர் என்பதே அதற்கு முதல் காரணம். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே நோய் உண்டாக்கும் கிருமிகள் அழிந்துவிடும். கிராமங்களில் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றிவைப்பார்கள். கலங்கல் அடியில் படிந்து நீர் தெளியும், ஆனால் தெளிந்த நீரும் காய்ச்சாமல் குடிக்கத்தக்கது ஆகாது. அதைப் போலவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் மிகுந்திருக்கும் ஃபுளோரைடை எந்த வேரும் எடுத்துவிடாது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகிக் குறைய, அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகையால் குடிக்கத்தக்க நீர் முதலில் கையில் இருக்க வேண்டும். மணம் அதற்குப் பிறகு வருவது. உங்கள் வீட்டில் இயந்திரம் இருப்பதால் அந்த முதல் படியைத் தாண்டிவிட்டீர்கள்.

அடுத்து, தண்ணீர் ஏன் சப்பென்று இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நாம் தண்ணீரின் சுவை என்று சொல்வது பெரும்பாலும் அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் முதலிய உப்புகளின் சுவையும், அதில் கலந்திருக்கும் காற்றின் சுவையும்தான். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 2000 வரை விடுகிறது. வீட்டு இயந்திரங்கள் பலவும் இதை 500-க்கு மிகவும் கீழே, சில வேளைகளில் 50-க்கும் கீழே இறக்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட நீரில் நாக்கு பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பல இயந்திரங்களில் கரைந்த உப்பின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு திருகு இருக்கும்; பழுது பார்க்க வருபவரிடம் சொல்லி, உங்கள் பகுதி நீரின் தன்மைக்கு ஏற்ப அதைச் சற்றுத் திருத்தி வைக்கச் சொல்லுங்கள். மணப்பொருள் சேர்ப்பதற்கு முன்பே சுவை பாதி சரியாகிவிடும். காய்ச்சி ஆறவைத்த நீருக்கு உள்ள குறை வேறு: கொதிக்கும்போது கலந்திருந்த காற்று வெளியேறிவிடுகிறது. ஆறிய பிறகு ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சற்று உயரத்திலிருந்து நான்கைந்து முறை மாற்றி ஊற்றினால் காற்று மீண்டும் கலந்து, நீர் உயிர் பெற்றதுபோல் ஆகும்.

மண்பானை வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். புதுப்பானையை முதல் இரண்டு மூன்று நாட்கள் நீர் நிரப்பி நிரப்பிக் கொட்டிவிட்டு, அதன் பிறகு குடிக்கப் பயன்படுத்துங்கள். சோப்பு மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். பானையின் நுண்துளைகள் அந்த வாடையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் திருப்பித் தரும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும், வாரம் ஒரு முறை வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும். பானை குளிர்வது வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாவதால் என்பதால், காற்றில் ஈரம் மிகுந்த சென்னையில் மதுரை அளவுக்குக் குளிர்ச்சி கிடைக்காது. காற்றோட்டம் உள்ள ஜன்னலோரத்தில் வையுங்கள்.

புதுப்பானையும் மணமும் தமிழர்களுக்குப் பழைய உறவு. பாதிரிப் பூவைச் சேர்த்து வைத்தால் புது மண்பாண்டம் தன்னிடம் ஊற்றிய தண்ணீருக்கும் அந்த மணத்தைத் தரும் என்பதை, கற்றவரோடு சேர்ந்த கல்லாதவருக்கு உவமையாக நாலடியார் கல்வி அதிகாரத்தில் சொல்கிறது. உவமையாகச் சொல்ல வேண்டுமென்றால் அது கேட்பவர் எல்லோருக்கும் தெரிந்த வீட்டு வழக்கமாக இருந்திருக்க வேண்டும். இன்று பாதிரிப் பூ கிடைப்பது அரிது; கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலின் தலமரமாக அதன் பெயராவது நிலைத்திருக்கிறது. அந்தக் கடலூர் மாவட்டக் கடற்கரை மணலில்தான் இன்று வெட்டிவேர் பயிராகிறது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பொருளையும் நீங்களே கையாளலாம். மணம் என்பது அந்தந்தப் பொருளில் இருக்கும் ஆவியாகும் எண்ணெய். அது தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும், சூட்டில் ஆவியோடு ஓடிவிடும். விதை, மரச்சீவல் போன்றவற்றில் மணமும் சாரமும் கெட்டியான உறைக்குள் அடைபட்டிருப்பதால் அவற்றைச் சற்றே கொதிக்கவைக்க வேண்டியிருக்கிறது. வேர்ப்பட்டையும் இலையும் அப்படி அல்ல. அவற்றை ஊறப் போட்டால் போதும், கொதிக்கவைத்தால் அடுக்களை மணக்கும், தண்ணீர் மணக்காது. நம் வீடுகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதால் வருபவை, அல்லது அளவு தெரியாமல் அள்ளிப் போடுவதால் வருபவை. குடிநீர் கஷாயம் அல்ல. முதல் மிடறில் மணம் முகத்தில் அடித்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். விழுங்கிய பிறகு தொண்டையில் இலேசாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் நாள் முழுவதும் அலுக்காமல் குடிக்க முடியும்.

வெட்டிவேரை முதலில் சொல்கிறேன். பத்து லிட்டர் பானைக்கு உலர்ந்த வேர் ஒரு சிறு கைப்பிடி, அதாவது சுமார் 10 கிராம் போதும். மணலில் விளைவதால் மெல்லிய வேர்த்தூவிகளுக்கு நடுவே மண் ஒட்டியிருக்கும். ஒரு வாளி நீரில் அலசி, நீரை மாற்றி, அடியில் மணல் படிவது நிற்கும் வரை அலச வேண்டும். பிறகு விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு நிமிடம் வெந்நீரில் முக்கியெடுத்து, மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து பானையில் இறக்குங்கள். இறுக்கி முடிந்தால் நடுவில் இருக்கும் வேருக்கு நீர் போய்ச் சேராது. மாலையில் போட்டால் காலையில் மணம் ஏறியிருக்கும். வெட்டிவேரின் எண்ணெய் கனமானது, எளிதில் ஆவியாகாதது. அதை வடித்தெடுக்கப் பல மணி நேரம் நீராவி பாய்ச்ச வேண்டியிருப்பதற்குக் காரணமும் அதுவே. அந்தக் குணம் நமக்கு நன்மையாக முடிகிறது: ஒரே முடிச்சு மூன்று நாள் வரை மணம் கொடுக்கும், பிறகு எடுத்து நல்ல வெயிலில் மொரமொரவென்று காயவைத்தால் இன்னொரு சுற்றுக்கும் வரும். முதல் நாள் நீரில் மண்வாடை சற்றுத் தூக்கலாக இருந்தால் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு இரண்டாம் நாளிலிருந்து குடிக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தட்டிக்கும் ஏர்கூலருக்கும் விற்கும் வேரையும், சாயம் ஏற்றிய மாலை வேரையும் குடிநீரில் போடாதீர்கள். அவை வாயில் வைப்பதற்காகத் தயாரானவை அல்ல. இலாமிச்சை வேர் என்று கடையில் கிடைப்பது வேறு செடியின் வேர்; அதுவும் மணக்கும், ஆனால் வெட்டிவேர் என்று நினைத்து அதை வாங்கிவிட வேண்டாம்.

உங்கள் மகனுக்கு நான் பரிந்துரைப்பது நன்னாரி. அதன் மணத்துக்குக் காரணமான சேர்மம் வேதியியல் அமைப்பில் வெனிலாவின் மணப்பொருளுக்கு உடன்பிறப்பு. அணுக்கள் அவையே, அவை சேர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. ஐஸ்கிரீமில் வெனிலாவை விரும்பும் குழந்தை நன்னாரித் தண்ணீரை அனேகமாக மறுப்பதில்லை, சர்க்கரையே இல்லாவிட்டாலும் அந்த மணம் இனிப்பின் நினைவை ஊட்டிவிடுகிறது. நன்னாரி வேரை ஒடித்துப் பாருங்கள்: வெளியே கருமை கலந்த பழுப்புப் பட்டை, உள்ளே வெளிறிய நரம்பு. மணம் முழுவதும் பட்டையில்தான் இருக்கிறது. உள் நரம்பு வெறும் கட்டை, அதை எடுத்துவிட வேண்டும். கழுவிய வேரை அம்மியிலோ உரலிலோ இலேசாகத் தட்டினால் பட்டை தானே பிளந்து நரம்பு தனியே வந்துவிடும். இரண்டு லிட்டர் நீருக்கு அந்தப் பட்டை ஒரு தேக்கரண்டி அளவு இருந்தால் தாராளம். காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய நீரில் போட்டு மூடி, இரவு முழுவதும் வைத்துக் காலையில் வடிகட்டுங்கள். மூடி முக்கியம். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் அந்த மணம் நீராவியோடு போய்விடும், மிஞ்சுவது இலேசான துவர்ப்பும் கசப்பும்தான். ஒரு நாளைக்கு மேல் ஊறினாலும் அந்தக் கசப்பு வரும். கடையில் நன்னாரி என்று கேட்டு விரல் பருமனில் சதைப்பற்றான கிழங்கு கொடுத்தால் அது மாகாளிக் கிழங்கு. ஊறுகாய் போடுவோமே, அதுதான். மணம் அப்படியே நன்னாரியைப் போல இருக்கும், ஏனென்றால் இரண்டிலும் இருப்பது அதே சேர்மம். அதனால்தான் சர்பத் செய்பவர்கள் பலர் அதைக் கலக்கிறார்கள். குடிப்பதில் தவறில்லை. ஆனால் காட்டிலிருந்து தோண்டி எடுத்தே அந்தக் கொடி அருகிவருகிறது என்பதால், மெல்லிய கம்பி போன்ற நன்னாரியையே கேட்டு வாங்கும்படி சொல்வேன். பாட்டிலில் வரும் நன்னாரி சர்பத்தைப் பற்றி நீங்களே சரியாக ஊகித்திருக்கிறீர்கள். அது சர்க்கரைப் பாகு, தினசரிக் குடிநீரில் சேர்க்கத்தக்கது அல்ல.

கொதிக்கவைக்க வேண்டியவற்றில் முதலிடம் சீரகத்துக்கு. இரண்டு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி, கொதி வந்த பிறகு மூன்று நிமிடம், மூடியபடியே ஆறவிட்டு வடிகட்டல்: செய்முறை இவ்வளவுதான். சீரகத்தை அப்படியே நாள் முழுக்க நீரிலேயே விட்டுவிட்டால் மாலைக்குள் நீர் கனத்து, ஒருவித எண்ணெய்ப் பசை நாக்கில் ஒட்டும். மல்லி விதை, சோம்பு ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும். சோம்பில் இயல்பாகவே இனிப்பு இருப்பதால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் எல்லோருக்கும் பிடிக்காது. ஓமம் மருந்தின் எல்லையில் நிற்கும் பொருள். வயிறு சரியில்லாத நாளுக்கு அதை ஒதுக்கிவைப்பது நல்லது. ஏலக்காய்க்கு ஒரு சிக்கன வழி உண்டு. பாயசத்துக்கு உள்ளிருக்கும் விதையை எடுத்துக்கொண்டு எறிந்துவிடும் தோலைச் சேர்த்து வைத்து, கொதித்து இறக்கிய நீரில் நான்கைந்து தோல்களைப் போட்டு மூடுங்கள். முழு ஏலக்காயை விட மென்மையான, குடிநீருக்கு மிகவும் பொருத்தமான மணம் அதில்தான் வரும்.

இந்தக் கலையை இன்றும் தினசரி வாழ்க்கையாக வைத்திருப்பவர்கள் கேரளத்தார். அங்கே உணவகத்தில் உட்கார்ந்தவுடன் வெதுவெதுப்பாக இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குவளை நீர் வருமே, அது பதிமுகம் என்னும் மரத்தின் வைரத்தை, அதாவது நடுக்கட்டையை, சீவிக் கொதிக்கவைத்தது. ஒரு லிட்டருக்கு இரண்டு விரலால் எடுக்கும் சிட்டிகைச் சீவல் போதும், இரண்டு நிமிடக் கொதி போதும். மணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இலேசான மரச்சுவையும் கண்ணுக்கு இனிய நிறமும் உண்டு. குழந்தைகளைக் கவர நிறமும் ஒரு வழிதான். இந்த நிறம் நீரின் தன்மையைச் சொல்லும் கருவியாகவும் இருக்கிறது. காரத்தன்மை உள்ள கடினமான கிணற்று நீரில் ஆழ்ந்த சிவப்பு வரும், உப்பு குறைந்த ஆர்.ஓ. நீரில் அதே அளவு சீவல் மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தோடு நின்றுவிடும். சிவந்த நீரில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், கண் முன்னே மஞ்சளாக மாறும். உங்கள் மகன் அதைப் பத்து முறை செய்துபார்ப்பான். சாறு விட்டும் சிவப்பு அசையாமல் நின்றால் அந்தச் சீவலில் செயற்கைச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். கேரளத்தார் பதிமுகத்தோடு கருங்காலி, வெட்டிவேர், சுக்கு, ஏலம், மல்லி முதலியவற்றைக் கலந்து தாகசமனி என்று பொட்டலமாகவும் விற்கிறார்கள். அதில் கருங்காலிக்குத் துவர்ப்பு அதிகம். இரும்புச்சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் துவர்ப்புப் பொருள் எதைக் கொதிக்கவைத்தாலும் நீர் மைபோல் கறுத்துவிடும். அதைப் பார்த்துப் பொருள் கெட்டுவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள், உண்மையில் அது நீரில் இருக்கும் இரும்பைக் காட்டிக்கொடுக்கிறது. இதே காரணத்தால் இவற்றை இரும்புப் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது, எவர்சில்வர் நல்லது.

பெருமாள் கோயில் தீர்த்தத்தின் மணம் வீட்டிலும் வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. துளசி, ஏலம், கிராம்பு, பச்சைக் கற்பூரம் ஆகியவை சேர்ந்த மணம் அது, எனக்கும் மிகவும் பிடித்த மணம். ஆனால் உள்ளங்கையில் ஒரு மடக்கு வாங்குவது வேறு, நாள் முழுவதும் குடிப்பது வேறு. கற்பூரம் சிறு அளவிலேயே குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக் கூடியது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைக் குடிநீர்ப் பானைக்குப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள், ஆராதனைக்கு ஏற்றும் கற்பூரம் எந்த நிலையிலும் வாயில் வைக்கத்தக்கது அல்ல. மற்ற மூன்றும் போதும்: ஒரு லிட்டருக்கு ஏழெட்டுத் துளசி, ஒரு ஏலக்காய்த் தோல், அரைக் கிராம்பு.

இலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதினா, துளசி, எலுமிச்சைப் புல் எல்லாவற்றையும் நன்றாக அலசி, கையால் ஒரு முறை கசக்கி, நீரில் போட்டு, மூன்று நான்கு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் இலை அழுகத் தொடங்கும், கோடையில் இன்னும் சீக்கிரம். இலங்கையிலும் மலேசியாவிலும் சோற்றுக்கும் கறிக்கும் போடும் ரம்பை இலை தொட்டியில் வளர்த்தால் நன்றாக வரும். ஒரு துண்டை முடிச்சுப் போட்டுக் கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் விட்டால் புது அரிசிச் சோற்றின் மணம் வரும். பூக்கடை ரோஜாவும் மல்லிகையும் வேண்டாம், அவற்றுக்குப் பூச்சிமருந்து அடிப்பது சாப்பிடுவதற்கு என்று எண்ணி அல்ல. வெள்ளரித் துண்டு, பழத்துண்டு போட்ட நீர் அழகாக இருக்கும், ஆனால் நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். எலுமிச்சையில் சாற்றை விடத் தோலே மணப்பொருள். மஞ்சள் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவிப் போடுங்கள். வெள்ளைச் சதை சேர்ந்தால் கசக்கும். சாறு கலந்த நீரைச் சிறிது சிறிதாக நாள் முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் அமிலம் பல்லின் எனாமலை அரிக்கும், செம்புப் பாத்திரத்தில் ஊற்றிவைத்தால் செம்பையும் கரைக்கும். வாசனை எண்ணெய்ப் புட்டிகளிலிருந்து சொட்டு விடும் வழக்கம் இப்போது பரவுகிறது. எண்ணெய் நீரில் கரையாமல் மேலே மிதந்து, அப்படியே செறிவோடு நாக்கிலும் தொண்டையிலும் படும் என்பதால் அதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

குழாய் நீரைப் பயன்படுத்தும் நாட்களுக்கு ஒரு குறிப்பு. குளோரின் வாடை அடிக்கும் நீரில் கிராம்பு, ஓமம், துளசி போன்றவற்றை நேராகப் போடாதீர்கள். அவற்றில் இருக்கும் பீனால் வகைச் சேர்மங்கள் குளோரினோடு சேர்ந்தால் மருந்துக்கடை வாடை வரும், பிறகு எவ்வளவு சேர்த்தாலும் அது அடங்காது. முதலில் காய்ச்சி வாடை போன பிறகு மணப்பொருளைச் சேருங்கள். குளோரின் போய்விட்டால் நீருக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடுகிறது. எனவே அந்த நீரை அன்றைக்கே குடித்துத் தீர்க்க வேண்டும். உண்மையில் இது மணமேற்றிய எல்லா நீருக்கும் பொருந்தும், ஏனென்றால் வேரும் இலையும் மணத்தோடு சேர்த்துக் கிருமிக்கு உணவாகும் பொருட்களையும் நீரில் விடுகின்றன. காலையில் செய்ததை இரவோடு முடியுங்கள். வெட்டிவேர்ப் பானையிலும் நீர் தினமும் மாற வேண்டும், முடிந்த துணியை வெந்நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். கையைப் பானைக்குள் விட்டால் வழவழப்புத் தட்டுமானால் அன்றே தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்க்க வேண்டும்.

இனி வீட்டில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும். கைக்குழந்தைக்கு ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலைத் தவிர வெறும் தண்ணீர்கூடத் தேவையில்லை. சீரகத் தண்ணீர், ஓம வாட்டர் என்று பெரியவர்கள் அன்போடு ஊட்ட வந்தாலும் தன்மையாக மறுத்துவிடுங்கள். சிறிய வயிறு அதனால் நிரம்பினால் குழந்தை குடிக்கும் பால் குறையும். மாமியாருக்கு வெட்டிவேர், சீரகம், ஏலத்தோல் எல்லாம் ஏற்றவை. அதிமதுரம் மட்டும் வேண்டாம்: சர்க்கரை இல்லாமலே இனிக்கிறது என்பதால் பலரும் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்கிறார்கள், ஆனால் அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் தினமும் உள்ளே போனால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும், உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும். சுவைக்காக உப்புச் சேர்ப்பதும் அவருக்கு ஆகாது. இலவங்கப்பட்டை போட்ட நீர் சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்பிக் குடிப்பதாக இருந்தால், கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தடித்த பட்டையில் கூமரின் என்னும் பொருள் அதிகம், அது தினசரி சேர்ந்தால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும் என்பதை அறிந்திருங்கள்; காகிதம்போல் அடுக்கடுக்காகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. எதைக் குடித்தாலும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்து மருத்துவர் தண்ணீரையே அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், மணம் நன்றாக இருக்கிறது என்று அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மகனுக்கு நன்னாரி நீரை நன்றாக வடிகட்டி எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றுங்கள். இலையோ வேரோ பாட்டிலுக்குள் இருக்கக் கூடாது, மூடியின் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். முதல் வாரம் மிக இலேசாக ஆரம்பித்து, அவனுக்குப் பிடித்த அளவில் நிறுத்துங்கள்.

பொருள்களை நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காமல் முழுதாகவே வாங்குங்கள். பொடியில் மணமும் சீக்கிரம் போகும், கலப்படமும் தெரியாது. வேரை ஒடித்து, நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தே எடுக்க வேண்டும், நல்ல நன்னாரி என்றால் கீறிய நகத்திலேயே மணம் ஒட்டும். ஒரு மாதத் தேவைக்கு மேற்படாத அளவு வாங்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்துக் கண்ணாடிச் சாடியில் இறுக மூடி, அடுப்புச் சூடு படாத அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் வேரின் மேல் வெண்மையாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சாடியில் இருப்பது முழுவதையும் கொட்டிவிட்டு, சாடியை வெந்நீரில் கழுவிக் காயவைத்த பிறகே புதியதை நிரப்புங்கள்.